ரேட்டிங் போட்டியில் எதை எப்போது கேட்பது?

கோலாலம்பூரின் வார இறுதி சதுரங்கப் போட்டிகளில் நடுவர் மேசைக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் காலம் கடந்து கேட்பது.

முதலில் பிரிவு. '1600க்குக் கீழ்' என்றால் அது ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) தரும் ரேட்டிங்கா, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணா, தேசிய ரேட்டிங்கா, எந்த மாதப் பட்டியல் என்று பதிவுக்கு முன்பே பாருங்கள். ஃபிடே பட்டியல் மாதந்தோறும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது. பரிசுக்காகக் கீழ்ப் பிரிவில் ஒட்டிக்கொள்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரேட்டிங் 1600, கே மதிப்பு (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்று வைத்துக்கொள்வோம். 1400 ஆட்டக்காரரை வென்றால் 4.8 ஏறும், டிரா என்றால் 5.2 இறங்கும், தோற்றால் 15.2 போகும். 1800 ஆட்டக்காரரிடம் தோற்றால் இழப்பு 4.8 மட்டுமே, டிரா செய்தாலே 5.2 கிடைக்கும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, 2300க்குக் கீழே இருக்கும்வரை, கே மதிப்பு 40. ஏற்றமும் இறக்கமும் இரட்டிப்பு. ரேட்டிங் வரம்பில்லாத திறந்த பிரிவைக் கண்டு பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. பரிசுக்காக வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கைக் குறைப்பது மட்டும் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் சேராது. அது மோசடி.

அடுத்தது அரைப் புள்ளி 'பை', அதாவது ஒரு சுற்றை ஆடாமல் அரைப் புள்ளி பெறுவது. சனிக்கிழமை முதல் சுற்றுக்கு ரவாங்கிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து சேர முடியாது என்றால், விதிமுறை அனுமதிக்கும் போட்டியில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். யாருக்கு யார் எதிராளி என்ற ஜோடியை அறிவித்த பிறகு கேட்டால் கிடைக்காது, வராவிட்டால் பூஜ்யம்தான். கடைசிச் சுற்றுகளுக்குப் பல போட்டிகளில் இது கிடையாது. தொடக்கத்தில் அரைப் புள்ளி எடுத்து எளிய எதிராளிகளோடு மேலே வருவது விதிமீறல் இல்லை, ஆனால் அதற்கு விலை உண்டு: இருவர் புள்ளி சமமானால் யார் முன் என்று தீர்மானிக்க எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டும் புகோல்ஸ் சமநிலை முறிப்பில் பின்தங்குவீர்கள்.

பாதியில் விலகுவதானால் அடுத்த ஜோடி போடும் முன் நடுவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் எதிராளிக்கு ஒரு புள்ளி சும்மா வரும், ஆட்டம் ரேட்டிங்கில் சேராது. முதல் ரேட்டிங் பெற, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் வேண்டும். உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கு அது ஐந்தாவது ஆட்டமாக இருக்கலாம்.

டிராவில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். நகர்த்தி, 'டிரா?' என்று கேட்டு, பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். வரிசை இதுதான். எதிராளி வாயால் மறுக்கலாம், காயைத் தொட்டும் மறுக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்பது தொந்தரவு. சில போட்டிகளில் குறிப்பிட்ட நகர்த்தலுக்கு முன் டிரா பேசவே கூடாது. பலகையில் கேட்பது உங்கள் உரிமை; கேன்டீனில் தேநீரோடு கடைசிச் சுற்று முடிவைப் பேசி வைப்பது ஏமாற்று, இருவருக்கும் தண்டனை உண்டு.

ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறதா? அந்த நகர்த்தலைத் தாளில் எழுதுங்கள், பலகையில் ஆடாதீர்கள், காயைத் தொடவும் வேண்டாம். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். முதலில் ஆடிவிட்டுக் கையைத் தூக்குவதுதான் வழக்கமான தவறு. ஆடிவிட்டால் கேட்கும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். உங்கள் கோரிக்கை தவறென்றால் அவர் கடிகாரத்தில் 2 நிமிடம் சேரும், ஆட்டம் தொடரும். நிலையை நிரூபிக்கப் படிக்கக்கூடிய குறிப்புத் தாள் வேண்டும். கிறுக்கி வைத்தால் நடுவரால் உதவ முடியாது.

கைப்பேசியை அணைத்துப் பையில் வைக்க அனுமதி உண்டா என்று முதல் சுற்றுக்கு முன்பே கேளுங்கள். அனுமதியின்றி உங்களிடம் இருப்பது தெரிந்தாலே ஆட்டம் போகலாம். எதிராளி அடிக்கடி எழுந்து போவது சந்தேகமாக இருந்தால் நடுவரிடம் மட்டும், தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஆதாரமில்லாத குற்றச்சாட்டைப் பரப்பினால் தண்டனை உங்கள் பக்கம் திரும்பும்.

ஆட்டம் முடிந்ததும் முடிவுத் தாளில் வெள்ளை யார், கறுப்பு யார் என்று சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். புள்ளி மாறிப் பதிவாகியிருந்தால், அடுத்த சுற்றின் ஜோடி வெளியாகும் முன் சொன்னால் ஒரே நிமிடத்தில் திருத்திவிடுவார்கள்.