கயாக்கில் சால்மன் பிடிக்கும்போது தூண்டில் நரம்பு முறுக்கேறியதை எப்படிச் சரிசெய்தேன்

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்குள் ஓடும் வில்லமெட் ஆற்றில் வசந்தகாலத்தில் சினூக் சால்மன் ஏறும். நான் கயாக் என்ற சிறு படகை மிதித்துக்கொண்டே, ஹெர்ரிங் என்ற சிறு மீனை இரையாகக் கோத்துப் பின்னால் இழுத்துப் போவேன். இரண்டு வருடமாக ஒரே தொல்லை: ஒரு மணி நேரத்தில் நரம்பு முறுக்கேறி, கொஞ்சம் தளர்ந்தாலே தலைமுடிச் சிக்கு மாதிரி சுருண்டுவிடும், மீனும் கடிக்காது.

வேகம்தான் காரணம். நீரோட்டத்தை எதிர்த்து மிதித்தால் கரையைப் பார்க்கும்போது மெதுவாகப் போவது போலத்தான் இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் இரை கண்டபடி சுழலும், ஈயக்குண்டும் மேலே தூக்கிக்கொள்ளும். இப்போது ஓட்டத்தோடு, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் வேகமாகப் போகிறேன். நரம்பு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் இறங்கினால் சரி.

அப்புறம் சாதாரண சுழலியை (நரம்பு முறுகாமல் இருக்க இடையில் கட்டும், தானே சுழலும் சிறு உலோக இணைப்பு) கழற்றிவிட்டு பால் பேரிங் வைத்த சுழலி இரண்டு போட்டேன், ஒன்று ஈயத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று அதற்கும் இரைக்கும் நடுவில். இரையை ஆழத்தில் விடும் முன் கயாக்கின் ஓரமாக இழுத்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம்: வெள்ளி வயிறு மின்ன, திருகாணி போல இறுக்கமாகச் சுழல வேண்டும். தட்டாமாலை சுற்றுவது போல அகலமாகச் சுற்றினால் கொக்கியை மாற்றிக் குத்துவேன்.

ஏற்கெனவே முறுகிய நரம்பை வெட்டி எறிய வேண்டாம். கொக்கி, ஈயம், சுழலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை நூறடிக்கு மேல் பின்னால் விட்டுச் சில நிமிடம் மிதியுங்கள், பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும். வசந்தகாலத் தண்ணீர் உயிரை உறைய வைக்கும், மிதவை அங்கியைக் கழற்றாமல் இதையெல்லாம் செய்யுங்கள்.