துணிச்சட்டத்தைக் கப்பியால் உயர்த்தும் முறை

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பின்கட்டில் கூரையோடு தொங்கும் துணிச்சட்டத்துக்குக் கப்பி பொருத்தும் முன், கயிற்றின் எத்தனை பகுதிகள் பாரத்தைத் தாங்கப்போகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். மற்றக் கணக்கெல்லாம் அதிலிருந்தே பிறக்கிறது.

ஈரத்துணியோடு சட்டம் 10 கிலோ இருந்தால் அதன் எடை ஏறக்குறைய 98 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு). கூரையில் ஒரே ஒரு நிலைக்கப்பியை மாட்டினால் விசை குறையாது, திசை மட்டுமே மாறும். கீழ்நோக்கி இழுக்கையில் நம் உடல் எடை துணைநிற்பதால்தான் வேலை எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் பாரத்தோடு உங்கள் இழுவிசையும் சேர்ந்து, கூரைக் கொக்கி 196 நியூட்டனைத் தாங்க வேண்டியிருக்கும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே என்பதால், கொக்கியை அதைவிடப் பன்மடங்கு தாங்கும்படி கான்கிரீட்டில் பதியுங்கள்.

பாதி விசையில் தூக்க விரும்பினால், கயிற்றின் ஒரு முனையைக் கூரையில் கட்டி, சட்டத்தின் மேல் பொருத்தப்பட்டு அதனுடன் நகரும் இயங்குகப்பிக்கு அடியாகச் செலுத்தி, நிலைக்கப்பியின் மேலாகக் கீழே இறக்குங்கள். இரு பகுதிகள் பாரத்தைப் பகிர்வதால் 49 நியூட்டன் போதும். ஆனால் சட்டம் 1 மீட்டர் உயர 2 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும், ஏனெனில் செய்யும் வேலை குறைவதில்லை. துறைமுகப் பாரந்தூக்கிகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

உராய்வினால் சற்றுக் கூடுதலாகவே இழுக்க நேரும். கயிறு ஒரு பக்கம் மட்டும் பிசிர்விட்டிருந்தால், அது கப்பியின் பள்ளத்தை விட்டு விலகி விளிம்பில் உரசுகிறது. கப்பியை நேராக்கிவிட்டுக் கயிற்றை மாற்றுங்கள்.