புதனுக்கு விண்கலம்: புள்ளைங்க திரும்பத் திரும்ப விடுற பிழைகள்

ஹட்டன்ல ஏ.எல். புள்ளைங்களுக்கு லெப்டொப்ல விண்வெளிப் பயண சிமுலேஷன் சொல்லிக் குடுக்குறேன். எங்க காலத்துல நாங்க விட்ட பிழைகளயே ஒவ்வொரு புது பெட்ச்சும் விடுறாங்க. அலகு மாத்திப் போடுறது, தசமப் புள்ளிய விடுறது எல்லாம் தானா சரியாகிடும், அத விடுவோம்.

சூரியன் பக்கம் தானே, சும்மா விழும்னு நினைக்கிறது

இத பாத்தா எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்துல சூரியன சுத்துது, அங்கருந்து கெளம்புற கலத்துக்கும் அந்த வேகம் ஒட்டிக்கிட்டே தான் வரும். அதனால சூரியன பாத்து எஞ்சின அடிச்சு பிரயோசனம் இல்ல, ஓடுற திசைக்கு எதிரா அடிச்சு வேகத்த கொறைக்கணும். புதனோட பாதைய தொடுறதுக்கே 7.5 கிலோமீற்றர் அளவு கொறைக்கணும், செவ்வாய்க்கு கெளம்புறதுக்கு 3 இருந்தா போதும்.

இத வெளங்கிக்கிட்ட புள்ளைங்களும் அடுத்த பாதியில மாட்டிக்கிறாங்க. போன தவணை ஒரு குழு அழகா கோடு போட்டு, மூணரை மாசத்துல புள்ளி புதன் மேல போய் உக்காந்ததும் கைதட்டுனாங்க. வேகத்த பாருங்கன்னேன். கலம் 57க்கு மேல, புதன் 47 சொச்சம், எரிபொருள் பட்டை காலி. ராம்பொடையில எறங்குற லொறிக்கு எறங்குறதா கஷ்டம், நிக்கிறது தானே கஷ்டம்? சூரியன் இழுக்க இழுக்க வேகம் கூடிக்கிட்டே போகும், புதனோ சின்னது, அவ்வளவு வேகத்துல வர்றத அதால புடிச்சு வைக்க ஏலாது. புள்ளி புதன தாண்டி திரும்ப பூமி பாதைக்கே போயிருச்சு.

நாசாவோட மெசெஞ்சர் 2004 ஓகஸ்ட்ல கெளம்பி 2011 மார்ச்ல தான் புதன சுத்த ஆரம்பிச்சது, ஏன்னு யோசிங்க. பூமிய ஒரு தடவ, வெள்ளிய ரெண்டு தடவ, புதனயே மூணு தடவ கிட்டப் போய் கடந்து, ஒவ்வொரு தடவயும் அந்தந்த கிரகத்தோட ஈர்ப்ப வச்சே பாதைய மாத்தி மாத்தி, கடைசியில செக்கனுக்கு 0.86 கிலோமீற்றர் மட்டும் கொறைச்சா போதும்ங்கிற நிலைமைக்கு கொண்டு வந்தாங்க, அந்த கடைசி பிரேக்குக்கு எஞ்சின் ஓடுனது கால் மணித்தியாலம் தான். அப்படியும் கெளம்பும்போது இருந்த 1,100 கிலோல 600 கிலோ எரிபொருள். 2018ல புதனுக்கு ஏவின பெபிகொலம்போ கலத்துக்கு இந்த மாதிரி ஒன்பது கடப்பு. அதனால மொதல்ல வெள்ளி எங்க இருக்குன்னு பாத்துட்டு கோடு போடுங்க.

பாரசூட் போடுறது

"சேர், காத்துல பிரேக் புடிக்க ஏலாதா?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டுச்சு. புதன்ல காத்து இல்ல.

சோலார் பெனல நேரா சூரியன பாத்து திருப்புறது

கரண்ட் கூட வரும்னு செய்றாங்க. புதன் சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்ற நேரம் அங்க வெயில் பூமிய விட பத்து மடங்குக்கு மேல, பெனல் கருகிடும். மெசெஞ்சர் பெனல்ல மூணுல ரெண்டு பங்கு வெறும் கண்ணாடி, வெயில திருப்பி அனுப்புறதுக்கு. பெனல சாய்ச்சு வைங்க, கரண்ட் கொறையிறத கணக்குல எடுங்க.

தட்டையா வரையுறது

புதனோட பாதை 7 பாகை சரிஞ்சு இருக்கு, வட்டமும் இல்ல. 3டி மோட்ல ஓட்டுங்க.