உலர்தாவரத் தாள்களைக் கொண்டு பூக்கும் காலத்தை ஆராய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்ற விவரச்சீட்டுடன் காத்துவரும் இடமே உலர்தாவரகம் எனப்படும் ஹெர்பேரியம். உலகெங்கும் உள்ள ஏறத்தாழ 3,500 உலர்தாவரகங்களில் 40 கோடிக்கு நெருக்கமான மாதிரிகள் இருக்கின்றன. தாவரங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தவே பெரும்பாலும் சேர்க்கப்பட்ட இவை, சேர்த்தவர்கள் நினைத்தும் பார்த்திராத கேள்விகளுக்கு இன்று விடை தருகின்றன. மர இலைகளில் காற்று சென்றுவரும் நுண்துளைகளான இலைத்துளைகளின் அடர்த்தி இருநூறு ஆண்டுகளில் சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை 1987இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 19ஆம் நூற்றாண்டு உருளைக்கிழங்கு இலைகளில் எஞ்சியிருந்த டிஎன்ஏவிலிருந்து, அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான நோய்க்கிருமியின் மரபுவழி 2013இல் கண்டறியப்பட்டது. ஆய்வக வசதி இல்லாதவர்கள் தொடங்குவதற்கு ஏற்றது, பூக்கும் காலம் மாறியிருக்கிறதா என்னும் கேள்வி.

படி 1: இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பூக்கிற, பூ தாளில் தெளிவாகத் தெரிகிற இனமாகப் பாருங்கள். ஆண்டு முழுவதும் பூப்பவை இதற்கு உதவா.

படி 2: பதிவுகளைத் திரட்டுதல்

உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளை இணையத்தில் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளத்தில் அறிவியல் பெயரை இட்டு, பதிவின் வகையாக ‘பிரிசர்வ்ட் ஸ்பெசிமென்’ (பாதுகாக்கப்பட்ட மாதிரி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நேரில் கண்டு பதிந்தவையும் கலந்துவிடும். பழைய பெயர்களில் பதிவானவையும் கிடைக்கின்றனவா என்று சரிபாருங்கள். பதிவிறக்கத்துடன் தரப்படும் டிஓஐ (DOI) என்னும் நிலையான அடையாள எண்ணைக் குறித்து வைத்தால், கட்டுரையில் தரவின் மூலத்தைச் சரியாகச் சுட்டலாம்.

படி 3: விவரச்சீட்டைப் படித்தல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. இதைத் தாவிச் செல்பவர்களின் வரைபடங்கள் பார்வைக்கு அழகாக இருக்கும், நம்பத்தான் முடியாது. ஒரே தாளில் மூன்று தேதிகள் இருக்கலாம்: செடியைப் பறித்த நாள், பின்னொரு வல்லுநர் இனத்தை உறுதிசெய்த நாள், நிறுவனம் பதிவு முத்திரை இட்ட நாள். நமக்கு வேண்டியது முதலாவது மட்டுமே. 5/4/1911 என்றிருந்தால் அது ஏப்ரலா மே மாதமா என்பதை, அதே சேகரிப்பாளரின் மற்றச் சீட்டுகளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்த மாதிரிகளைச் சில தரவுத்தளங்கள் ஜனவரி 1 என்று பதிவதால், அந்தத் தேதி கூட்டமாக வந்தால் ஐயுறுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமாக உள்ளவற்றையும், செடி வளர்ந்த இடத்துக்குப் பதிலாக உலர்தாவரகக் கட்டடத்தின் இடத்தையே காட்டுபவற்றையும் நீக்குங்கள். ஒரே செடியின் கிளைகளைப் பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிப்பது நெடுநாள் வழக்கம். ஆகவே சேகரிப்பாளர் பெயர், சேகரிப்பு எண், தேதி ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் அவற்றை ஒரே பதிவாக எண்ண வேண்டும்.

படி 4: தாளின் படத்தைப் பார்த்து மதிப்பிடுதல்

மொட்டு, மலர்ந்த பூ, காய் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணி, பாதிக்கு மேல் மலர்ந்திருந்தால் ‘பூத்தது’ என்பது போன்ற விதியை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில தாள்களை இன்னொருவரும் தனியாக மதிப்பிட்டால், விதி எங்கே தெளிவில்லாமல் இருக்கிறது என்பது தெரியவரும்.

படி 5: கணக்கிடுதல்

தேதியை ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மாற்றுங்கள். மார்ச் 1 சாதாரண ஆண்டில் 60, லீப் ஆண்டில் 61. டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும் பூப்பருவத்துக்கு, கணக்கை வேறொரு மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறகு, பூக்கும் நாள் எவற்றைப் பொறுத்து மாறுகிறது என்று கணக்கிடும் தொடர்புப் போக்கு ஆய்வில் (ரெக்ரெஷன்) ஆண்டுடன் அட்சரேகையையும் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மாதிரிகள் மலையிலும் புதியவை சமவெளியிலும் பறிக்கப்பட்டிருந்தால், இட வேறுபாடே கால மாற்றமாகத் தோன்றிவிடும். பாஸ்டனில் 1980–2002 காலத்தில் தாவரங்கள் 1900–1920ஐ விடச் சராசரியாக 8 நாள் முன்னதாகப் பூத்ததை 2004இல் வெளியான ஆய்வு இத்தகைய மாதிரிகளைக் கொண்டே காட்டியது. ஆனால், சேகரிப்பாளர் பறித்த நாளே செடியில் முதல் பூ மலர்ந்த நாள் ஆகிவிடாது என்பதை முடிவுகளை எழுதும்போது மறக்கலாகாது.

படி 6: தாளை நேரில் கையாளுதல்

பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய தாள்கள் பலவற்றில் பாதரசக் குளோரைடு பூசப்பட்டிருப்பதால், கையுறை அணிவது அவசியம். டிஎன்ஏவுக்காக இலைத்துண்டு தேவைப்பட்டால் காப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, உதிர்ந்த துண்டுகளை இட்டுவைத்திருக்கும் சிறு உறையிலிருந்து கேளுங்கள். ஓர் இனத்தின் பெயருக்கே ஆதாரமான வகைமாதிரியில் கைவைக்க வேண்டாம். இனப்பெயர் தவறென்று தோன்றினாலும் பழைய சீட்டைத் திருத்தாமல், உங்கள் முடிவையும் பெயரையும் தேதியையும் எழுதிய புதிய சீட்டைக் காப்பாளரிடம் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.