மனநல ஆய்வைச் சிகிச்சைக்கும் அரசுத் திட்டத்துக்கும் பயன்படுத்துவது எப்படி?

தேடுவதற்கு முன் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் என்பதெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். "மனச்சோர்வுக்கு எது நல்லது?" என்று தேடினால் கட்டுரைகள் குவியும், பயன் இருக்காது. முதலில் தொகுப்பாய்வுகளை, அதாவது ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுபவற்றைப் பாருங்கள். தனி ஆய்வுகள் பிறகு.

ஆய்வைக் கையில் எடுத்ததும் முடிவுரைக்குத் தாவ வேண்டாம். ஒப்பீட்டுக் குழு யார் என்று பாருங்கள். வெறுமனே காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் சுமாரான சிகிச்சைகூடப் பிரமாதமாகத் தெரியும். பாதியில் விலகியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பது அடுத்தது. அவர்களை விட்டுவிட்டால் பெரும்பாலும் பலன் கண்டவர்களே மிஞ்சுவார்கள்.

பலனின் அளவை நூறு பேர் கணக்குக்கு மாற்றுங்கள். மருந்து எடுத்த 100 பேரில் 50 பேரும், போலி மாத்திரை எடுத்த 100 பேரில் 40 பேரும் தேறினால் வித்தியாசம் 10. அதாவது 10 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் கூடுதலாகத் தேறுவார். பக்கவிளைவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அச்சேறாத ஆய்வுகள்தான் பெரிய பொறி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 12 மனச்சோர்வு மருந்துகளின் 74 ஆய்வுகளை 2008ல் ஒரு குழு சரிபார்த்தது. சாதகமான 38ல் 37 வெளிவந்திருந்தன. மற்ற 36ல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவைபோல எழுதப்பட்டிருந்தன. 3 மட்டுமே உள்ளதை உள்ளபடி சொல்லின. அதனால் ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே அறிவித்த முதன்மை அளவீடும் (சிகிச்சை பலித்ததா என்பதை முடிவுசெய்ய முக்கியமாக அளப்பது) கட்டுரையில் வந்திருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

சிகிச்சை தொடங்கியபின் அளந்துகொண்டே இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 படிவத்தில் 9 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை. 5 புள்ளியாவது குறைந்தால் உருப்படியான முன்னேற்றம். சில வாரங்களாகியும் அசையவில்லை என்றால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதில் பூஜ்யத்துக்கு மேல் வந்தால் அன்றே பேச வேண்டும்.

யாருக்கு சிகிச்சை, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடும் குலுக்கல் முறை ஆய்வு அரசுத் திட்டத்துக்கு எப்போதும் கிடைத்துவிடாது. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். அதன்பின் தற்கொலை இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இப்படி ஒரு சரிவைக் கண்டால் மூன்றைச் சோதியுங்கள்: தடைக்கு முன்பே சரிவு தொடங்கியதா, வேறு வழியிலான தற்கொலைகள் கூடினவா, வேலையின்மை போன்ற பிற காரணங்கள் பொருந்துகின்றனவா.

நல்லெண்ணம் சான்றாகாது. பேரிடரில் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒருமுறை அமர்வு எல்லோருக்கும் நியாயமாகப்பட்டது. பின்னால் வரும் மனப் பாதிப்பை அது தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின, உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றது. எந்த எண்ணிக்கை வந்தால் திட்டத்தை நிறுத்துவோம் என்பதை நிதி ஒதுக்கும்போதே எழுதிவையுங்கள். ஆள் நியமித்தபின் நிறுத்துவது அரிது.