சொலானா ஸ்வாப்: கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவரின் கிரிப்டோ வாலட்டில் சொலானா பிளாக்செயின் வழியே நடந்த ஸ்வாப்பை, அதாவது ஒரு டோக்கனைக் கொடுத்து வேறொன்றை வாங்கியதை, கணக்கெடுப்பவருக்குத் தேவை இரண்டு எண்கள்தான்: எந்த டோக்கன் எவ்வளவு போனது, எது எவ்வளவு வந்தது. 2022 பட்ஜெட்டுக்குப் பிறகு லாபத்துக்கு 30 சதவீத வரி. டோக்கனுக்கு டோக்கன் மாற்றினாலும் அது கைமாற்றம்தான், நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. தோராயமாகப் போட்டால் தாளாது.

பரிவர்த்தனையின் கையொப்பத்தை (அதன் அடையாளக் குறியீடு) கொடுத்து, ஆர்பிசி (சொலானா சர்வரிடம் தகவல் கேட்கும் முறை) வழியே முழு விவரத்தையும் இழுங்கள். அதிகபட்ச வெர்ஷன் 0 என்று சேர்த்தே கேளுங்கள். இல்லையென்றால் புதிய வகைப் பரிவர்த்தனைகளுக்குப் பிழைதான் வரும். முதலில் வந்த பதிலின் மெட்டா பகுதியில் எரர் புலத்தைப் பாருங்கள். காலியாக இல்லையென்றால் ஸ்வாப் நடக்கவில்லை, கட்டணம் மட்டும் போயிருக்கிறது.

இன்ஸ்ட்ரக்ஷனில் (பரிவர்த்தனைக்குள் ஒரு புரோகிராமுக்குப் போகும் கட்டளை) கணக்குகளின் முகவரி இருக்காது, வரிசை எண் மட்டுமே இருக்கும். லுக்அப் டேபிள் (முகவரிகளைத் தனியே சேமித்த பட்டியல்) இருந்தால் மெசேஜில் உள்ள முகவரிகள், பிறகு டேபிளிலிருந்து வந்தவற்றில் எழுதக்கூடியவை, கடைசியில் படிக்க மட்டுமானவை என்று ஒரே பட்டியலாகக் கோர்க்க வேண்டும். வரிசை மாறினால் வேறு யாருடைய கணக்கோ உங்கள் கணக்கில் ஏறும்.

ரேடியம் என்ற ஸ்வாப் தளத்தின் நான்காம் பதிப்பில் ஸ்வாப் டேட்டா 17 பைட். அதை பேஸ்58-இலிருந்து அவிழ்த்து ஹெக்ஸில் எழுதினால் இப்படி இருக்கும்:

09 00 94 35 77 00 00 00 00 08 73 62 11 00 00 00 00

09 என்றால் கொடுக்கும் தொகை நிலையான ஸ்வாப். அங்கே 11 என்ற தசம எண், அதாவது ஹெக்ஸில் 0பி, இருந்தால் வாங்கும் தொகை நிலையானது. அடுத்த 8 பைட்டைப் பின்னாலிருந்து படியுங்கள்: 77 35 94 00, அதாவது 200 கோடி லாம்போர்ட் (சொலானாவின் நாணயமான சோலில் 100 கோடியில் ஒரு பங்கு), 2 சோல். கடைசி 8 பைட் 29,16,64,648. இங்கே வாங்கும் டோக்கன் யுஎஸ்டிசி (டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கன்); அதற்கு 6 தசமம் என்பதால் 291.664648.

இந்த 291.66-ஐ வந்த தொகையாக ஏற்றிவிடுவதுதான் பரவலான பிழை. இதற்குக் கீழே போனால் ரத்து செய் என்று பயனர் வைத்த வரம்பு அது. உண்மையில் வந்தது 293.12 ஆக இருக்கலாம். அது தெரிவது இன்னர் இன்ஸ்ட்ரக்ஷனில் (ஸ்வாப் புரோகிராம் உள்ளிருந்து பிற புரோகிராம்களை அழைத்த பதிவு), டோக்கன் புரோகிராமின் டிரான்ஸ்ஃபர் வரிகளில். முதல் பைட் 3 என்றால் சாதாரண டிரான்ஸ்ஃபர்: அனுப்புபவர், பெறுபவர், அதிகாரம். 12 என்றால் சரிபார்த்த டிரான்ஸ்ஃபர். இரண்டாம் இடத்தில் மின்ட் (எந்த டோக்கன் என்று சொல்லும் முகவரி) வந்து உட்கார்ந்துகொள்வதால் பெறுபவர் மூன்றாவதாகத் தள்ளப்படுவார்.

பல தளங்களில் நல்ல விலை தேடித் தரும் ஜூபிடர் வழியாகப் போனால் கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதுபோல ஒரே ஸ்வாப் பல பூல்களில் (மாற்றிக்கொள்ள டோக்கன்கள் வைத்திருக்கும் தொகுப்புகள்) பிரியும். கணக்குக்கு ஒவ்வொரு கிளையையும் கூட்ட வேண்டாம். கூட்டினால் இடைவழி டோக்கனும் சேர்ந்து தொகை வீங்கும். வாலட் உரிமையாளர் பெயரில் உள்ள டோக்கன் இருப்பை, முன் பின் என்று எடுத்துக் கழியுங்கள். முன் பட்டியலில் கணக்கே இல்லையென்றால் 0. டோக்கன்-2022 என்ற புதிய டோக்கன் புரோகிராம் வகையில் டிரான்ஸ்ஃபர் கட்டணம் கழிந்தால் வந்தது குறையும்; அதையும் இந்தக் கழித்தலே பிடித்துவிடும்.

சோலில் மட்டும் இது நேராக வராது. ராப் செய்த (சோலை டோக்கன் வடிவில் வைத்த) தற்காலிகக் கணக்கு அதே பரிவர்த்தனையில் மூடப்படுவதால் டோக்கன் பட்டியலில் அது தென்படாது. லாம்போர்ட் வித்தியாசத்தில் கட்டணமும் (கையொப்பத்துக்கு 5,000, முன்னுரிமைத் தொகை தனி), புதிய டோக்கன் கணக்குக்கான வாடகை வைப்பும் (வழக்கமாக 20,39,280) கலந்திருக்கும். வைப்பு திரும்பக் கிடைக்கும் பணம், ஸ்வாப் விலையில் சேர்க்காதீர்கள். சோல் பக்கத்துக்கு டிரான்ஸ்ஃபர் வரியையே நம்புங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் பிக்இன்ட் (பெரிய முழு எண்களுக்கான வகை) வைத்துக்கொள்ளுங்கள்: 9 தசம டோக்கன் சுமார் 90 லட்சத்தைத் தாண்டினால் சாதாரண எண்ணில் கடைசி இலக்கங்கள் பிசகும்.

நேரம் யூனிக்ஸ் நொடிகளில் வரும்; தேதியாக மாற்றும்முன் இந்திய நேரத்துக்காக 19,800 (ஐந்தரை மணி நேரம்) கூட்டுங்கள். யுடிசிப்படி மார்ச் 31 மாலை 6.30-க்கு நடந்த ஸ்வாப் நமக்கு ஏப்ரல் 1, அடுத்த நிதியாண்டு.