குட்டிச் சுருட்டும் ஒரு கிளாஸ் விஸ்கியும்: முதல் தடவைக்காரர்களுக்கு

நான் முதலில் சுருட்டு பிடித்தது பட்டர்வொர்த்தில், நண்பன் வீட்டு நிச்சயதார்த்தம் முடிந்த இரவில். சிகரெட் மாதிரி நெஞ்சு வரைக்கும் இழுத்தேன். நாலாவது இழுப்பில் வியர்த்துக் கொட்டியது, ஆறாவதில் வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் குனிந்து நின்றேன். நண்பனின் அம்மா ஒன்றும் கேட்காமல் சீனி தூக்கலாக ஒரு தே ஓ (பால் விடாத தேநீர்) கலக்கிக் கொடுத்து, "சோறு சாப்பிட்டியாய்யா?" என்றார். சாப்பிடவில்லை. வெறும் வயிறு, உள்ளே இழுத்த புகை, அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

ஆரம்பிக்கும் முன் இரண்டு வார்த்தை. நம் மலேசியாவில் மது வாங்க 21 வயது, புகையிலைக்கு 18. 2019 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில், வெளியே போட்ட மேசையானாலும், புகைக்கக் கூடாது. அதனால் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) உட்கார்ந்து செய்யலாம் என்ற கனவை விடுங்கள். இன்னொன்று, உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டுப் புகை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது, மதுவும் சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். தெரிந்துகொண்டு, எப்போதாவது ஒருநாள் செய்கிற காரியம் இது. இதுவரை தொடாதவர்கள் இதற்காகத் தொட வேண்டியதே இல்லை.

சரி, என்ன வாங்குவது? தகரப் பெட்டியில் வரும் மெல்லிய சிகரில்லோ இயந்திரத்தில் செய்தது, வெட்ட வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெனிலா வாசம் போட்டதை மட்டும் தொடாதீர்கள், விஸ்கியோடு சேர்ந்தால் காய்ச்சல் மருந்து குடித்த மாதிரி இருக்கும். என் சிபாரிசு கையால் சுருட்டிய சின்னது. 'ஹாஃப் கொரோனா' என்று கேளுங்கள்: 90 மில்லிமீட்டர் நீளம், பருமன் 44. இந்த 44 என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி எண்ணும் கணக்கு, ஏறக்குறைய பதினேழரை மில்லிமீட்டர். அரை மணி நேரத்துக்குள் முடியும். மேலிலை, அதாவது வெளியே சுற்றிய இலை, வெளிர் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மென்மையானது, முதல் தடவைக்கு அதுவே போதும்.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதில்தான் பினாங்குக்காரன் தோற்பான். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். இங்கே வெளியே வைத்தால் ஊறிப்போகும், ஏர்கோன் அறையில் திறந்து வைத்தால் சருகாகும், ஃபிரிட்ஜிலும் காய்ந்து மீன் வாசம் பிடிக்கும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் ஈரப்பதப் பொட்டலம் ஒன்றோடு வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். விரலால் லேசாக அமுக்கினால் கொஞ்சம் அமுங்கித் திரும்பி வர வேண்டும். ஸ்பஞ்ச் மாதிரி சொதசொதவென்று இருந்தால் ஒருநாள் ஏர்கோன் அறையில் திறந்து வையுங்கள். மேலிலையில் ஊசியால் குத்திய மாதிரி ஓட்டை தெரிந்தால் அது புகையிலை வண்டு. வெப்பத்தில் முட்டை பொரித்து உள்ளிருந்து துளைத்துக்கொண்டு வருகிறது. அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், நான் பிரிக்காமல் விட்டு மூன்றை இழந்தேன்.

விஸ்கிக்கு வருவோம். பீட் (சதுப்பு நிலக் கரிமண்) புகை போட்ட, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளை இப்போதைக்கு ஒதுக்குங்கள், புகைக்கு மேல் புகை, எது எதன் ருசி என்றே பிடிபடாது. வெளிர் சுருட்டுக்கு ஜேமசன் மாதிரி இலகுவான ஐரிஷ் விஸ்கியோ, க்ளென்ஃபிடிக் 12 மாதிரி ஒன்றோ பொருந்தும். கறுத்த மேலிலைக்கு ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது நல்லது, உலர்ந்த திராட்சை வாசம் வரும். அமெரிக்க விஸ்கியான போர்பன் இரண்டுக்கும் சமாளிக்கும், உட்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைப்பதால் அதில் ஓர் இனிப்பு உண்டு. 30 மில்லி ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பினாங்கின் ஜெலுத்தோங் பால்கனியில் ராத்திரி எட்டு மணிக்கும் புழுக்கம்தான், அந்தச் சூட்டில் கிளாஸிலிருந்து ஸ்பிரிட் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டால் குற்றமில்லை. ஐஸ் போடுவதா என்று முகம் சுளிக்கிறவர் ஸ்காட்லாந்தில் குடியிருக்கட்டும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். கொறிக்க உப்பில்லாத முந்திரி, அவ்வளவுதான், மசாலா போட்ட கச்சாங் பூத்தே (கடலை, பயறு வகைகள்) நாக்கை மரக்க வைத்துவிடும். காற்றாடியை நிறுத்துங்கள், காற்றடித்தால் சின்னச் சுருட்டு ஒரு பக்கமாக எரியும்.

வாயில் வைக்கும் முனையில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் இலையைப் பாருங்கள். அதில் இரண்டு மில்லிமீட்டர்தான் வெட்ட வேண்டும். தொப்பி ஒட்டியிருக்கும் கோட்டைத் தாண்டி வெட்டினால் மொத்தச் சுருட்டும் பிரிந்து வரும். பற்றவைக்க கேஸ் லைட்டர் போதும், பெட்ரோல் லைட்டர் வாசம் கடைசிவரை போகாது. தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள். சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, தீ அதைத் தொடாமல் முனைக்குக் கீழே காட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள். முதலில் விளிம்பு கறுக்கும், அப்புறம் சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம் கிளம்பும். லேசாக ஊதினால் நடுவிலும் சிவப்பு பரவும். இப்போதுதான் வாயில் வைக்க வேண்டும்.

புகை வாய்க்குள் மட்டும். நாக்கில் உருட்டி வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இழுக்காதீர்கள், குட்டிச் சுருட்டு சீக்கிரம் சூடாகும், சூடானால் கசக்கும். முதலில் ஒரு சின்ன மடக்கு விஸ்கி, விழுங்கிவிட்டு தொண்டைச் சூடு அடங்கும்வரை காத்திருங்கள், அதற்குப் பிறகு ஓர் இழுப்பு. அடுத்த மடக்கில் விஸ்கி கொஞ்சம் இனிப்பாகத் தெரிந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது. ஒன்று மற்றதை அடியோடு மறைத்தால் அடுத்த தடவை விஸ்கியை மாற்றிப் பாருங்கள்.

சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஒரு சென்டிமீட்டர் நிற்கட்டும். அணைந்தால் சாம்பலை உதிர்த்து, சுருட்டு வழியாக வெளிப்பக்கம் ஒருமுறை ஊதிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். தலை லேசாகச் சுற்ற ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, இனிப்பாக ஏதாவது குடியுங்கள். கடைசி மூன்றிலொரு பங்கு கசந்தால் அதோடு விட்டுவிடுங்கள், காசு கொடுத்தோமே என்று நுனிவரை பிடிக்க வேண்டாம்.

நண்பன் வீட்டில் என்றால் போகும்போதே கிராப் வாடகைக் காரில் போங்கள். 2020 முதல் ஓட்டுநருக்கு அனுமதித்த அளவு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான். மிஞ்சிய சுருட்டுத் துண்டை நசுக்காதீர்கள், நசுக்கினால்தான் நாற்றம். தட்டில் தானாக அணையட்டும், பிறகு தண்ணீர் விட்டு அன்றைக்கே கீழே கொண்டுபோய்க் கொட்டுங்கள். பற்றவைக்கும் முன் மேலே ஒருமுறை எட்டிப் பாருங்கள், மேல்வீட்டு ஆண்ட்டி மூங்கிலில் துணி காயப்போட்டிருந்தால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.